ஆயிரத்து இருநூறு பனியனில் என் சலவைக் குறிப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது. அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்தது. எந்த ஃபைலை எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று அது தன்பாட்டுக்குக் குறித்து வைத்துக்கொள்ளும். மூன்று நாள் கழித்து அந்த நேரத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம், அன்றைக்குக் கோழிக் குழம்பை அவ்வளவு சாப்பிட்டிருக்கக் கூடாது என்பதுதான்.

எங்கள் வீட்டு முன்னறைதான் அப்போது எங்கள் தொழில். பனியனின் (எங்கள் ஊரில் டி-ஷர்ட்டும் பனியன்தான்) இடது பக்கத் தையலில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளை ரிப்பனில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். என்ன நூல், எப்படித் துவைக்க வேண்டும், இஸ்திரி போடலாமா என்றெல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும். வாஷ்கேர் லேபிள் என்பார்கள். இடுப்பில் உறுத்துகிறது என்று நீங்கள் கத்தரித்து எறிவீர்களே, அதேதான். நீங்கள் எறிந்ததில்தான் எங்கள் குடும்பம் சாப்பிட்டது. நான் கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்துக் கொடுப்பேன். என் கணவர் அதை அச்சு மெஷினில் ஓட்டுவார்.

நான் பி.ஏ. இங்கிலீஷ். எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் நான் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்ப்பதற்கு முன் பிழையைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான்தான் பின்வரும் காரியத்தைச் செய்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுக்கு நிரந்தரமாக வேலை கொடுத்தது ஒரே ஒரு ஏற்றுமதி யூனிட். நடந்து போனால் கால் மணி நேரம். அதன் முதலாளியை நாங்கள் அண்ணா என்போம். அவர் கைவிட்டால் எங்கள் தொழில் அன்றோடு முடிந்தது. என் கணவர் பழையபடி ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். இதை நினைத்தே நான் பல மதியங்கள் தூங்காமல் இருந்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூங்கிவிட்டேன்.

மகளுக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த வருடம் அவள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு இங்கிலீஷ் டீச்சர் வந்திருந்தார். நாகர்கோவில் பக்கம். கணவருக்கு இங்கே ஒரு சாயப்பட்டறையில் கணக்கு வேலை என்று இடம் பெயர்ந்து வந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியாக, எப்போதும் ஒரு துணிப்பையோடு வருவார். அந்தப் பையில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நோட்ஸ் இருக்காது, அது மட்டும் உறுதி.

நாங்கள் படித்த காலத்தில் கவிதை என்றால் நோட்ஸ்தான். 'கவிஞர் இங்கே என்ன கூறுகிறார் என்றால்' என்று டீச்சர் ஆரம்பிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். கவிஞர் உண்மையிலேயே அப்படிக் கூறினாரா என்று கவிதைக்குள் போய்ப் பார்க்கும் கெட்ட பழக்கம் எங்களுக்கு இல்லை. காலேஜிலும் அப்படியே. மூன்று வருடமும் நல்ல மார்க் வாங்கினேன். ஒரு கவிதையைக்கூட முழுதாகப் படிக்க நேர்ந்ததில்லை.

இந்த டீச்சர் முதல் வாரமே புத்தகத்தை மூடச் சொன்னாராம். அவரவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஓடும் தையல் மெஷினின் சத்தத்தை பெஞ்சில் தட்டிக் காட்டச் சொன்னாராம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தாய்ப்பால் மாதிரி. ஓவர்லாக் மூச்சு விடாமல் ஓடும். சாதா மெஷின் ஓடும், நிற்கும், யோசிக்கும், ஓடும். பட்டன் மெஷின் நாலு அடி அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பிறகு போர்டில் நாலு கவிதை வரிகளை எழுதி, எந்த வரி எந்த மெஷின் என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், வகுப்பு ரெண்டுபட்டது. "மிஸ், இது ஓவர்லாக்தான்." "இல்லீங் மிஸ், அங்க கமா இருக்குது பாருங்க, நிக்குது, இது பட்டன்." பக்கத்து வகுப்பு சார் வந்து, கரண்ட் வேலை ஏதாவது நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

இன்னொரு நாள் வகுப்பின் குறுக்கே கொடிக் கயிறு கட்டி, வெட்டு மிச்சமான பனியன் துணிகளில் ஒரு கவிதையின் வரிகளைத் தனித்தனியாக மார்க்கரில் எழுதி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். வரிசையைக் கலைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எழுந்து போய் மாற்றித் தொங்கவிடலாம். ஏன் மாற்றினாய் என்று மட்டும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அன்று மாலை மகள் கையெல்லாம் மையோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, கடைசி வரி கடைசியிலதான் இருக்கோணுமா?"

"இருக்கோணும். புக்குல அப்படித்தான இருக்குது."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கப் போனேன். பொதுத் தேர்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருக்கிறது, பிள்ளைகள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வதாகத் திட்டம். கண்ணாடி முன் நின்று இங்கிலீஷிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, "சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணுமில்லீங் மேடம்" என்றேன். "நோட்ஸ்... சும்மா கேட்டுட்டுப் போலாம்னு..."

அந்த டீச்சரையே கூப்பிட்டுவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "நோட்ஸ்தானே மேடம், அரைப் பரீட்சைக்கு முந்தி தந்திருதேன். அதுவரைக்கும் பிள்ளைங்க கொஞ்சம் விளையாடட்டும். நீங்க பயப்படாதிய" என்றார்.

"நான் பயப்படலீங்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவுக்கு வெளியே என் மகள் தண்ணீர் பாட்டிலோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில்தான் டீச்சர் அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்தார். 'உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இங்கிலீஷ் கிடக்கிறது, யாரும் படிப்பதில்லை. போய் எடுத்து வாருங்கள்' என்று சொல்லியிருக்கிறார். லேபிள், அட்டைப்பெட்டி, பாலிதீன் பை, குக்கர் வாங்கியபோது வந்த காகிதம், எதுவானாலும் சரி. வடிவத்தை மாற்றக் கூடாது, அதன் அதட்டலையும் மாற்றக் கூடாது. ஆனால் அதை ஒரு மனிதரைப் பற்றியதாக மாற்ற வேண்டும். யாரைப் பற்றி? யாரைக் கண்டால் உங்களுக்குக் கொஞ்சம் பயமோ, அவரைப் பற்றி.

இதன் விளைவுகளைப் பின்னால் தெரிந்துகொண்டேன். பாலிதீன் பையில் குழந்தைகளுக்காக அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையை எடுத்து ஒருத்தி, 'இந்த ஹெட்மிஸ்ட்ரஸ் விளையாட்டுப் பொருள் அல்ல, தலையில் மாட்டிக்கொள்ளாதீர்' என்று எழுதியிருந்தாள். அனுப்பர்பாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் பையன், குக்கர் காகிதத்திலிருந்து, தன் பெரியப்பா மூன்று விசில் அடித்து அடங்கிய பிறகே பக்கத்தில் போகவும் என்று எழுதினான். ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வரும் ஒருத்தி வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பார்த்து, கணக்கு சாரை மதியச் சாப்பாட்டுக்கு முன் பயன்படுத்துவது உத்தமம் என்று முடித்திருந்தாள்.

என் மகள் லேபிளை எடுத்தாள். யாரைப் பற்றி என்று ரொம்ப நேரம் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ஞாயிறு இரண்டு இருபதுக்கு அவள் கம்ப்யூட்டரைத் திறந்து, அண்ணாவின் யூனிட்டுக்கு நாங்கள் அடுத்த நாள் ஓட்ட வேண்டிய பையன்கள் டி-ஷர்ட் லேபிளின் ஃபைலை எடுத்தாள். அளவு, எழுத்து, மேலே தொட்டி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டி என்று குறிகள், எல்லாம் தயாராக இருந்தது. குறிகளைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றினாள். அப்பாவிடம் சொல்லி மெஷினில் வகுப்புக்கு நாற்பது துண்டு ஓட்டி வாங்கிக்கொண்டாள். மெஷினை விட்டால் உலகம் தெரியாத அவர், பிள்ளைக்கு ஏதோ பிராஜெக்ட் என்று ஓட்டிக் கொடுத்தார். பிறகு என் மகள் ஒரு நல்ல பிள்ளையாக ஃபைலை சேவ் செய்தாள். கரண்ட் போய்விடும், எதைச் செய்தாலும் உடனே சேவ் செய் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது நான்.

திங்கட்கிழமை அதே ஃபைலை நான் எடுத்துக் கொடுக்க, ஆயிரத்து இருநூறு லேபிள் ஓடியது. வாசித்தேனா? இல்லை. அது ஏற்கெனவே இரண்டு முறை ஓட்டிய ஆர்டர். ஒரு தடவை ஓகே ஆன சாம்பிளை எங்கள் ஊரில் யாரும் மறுபடி வாசிப்பதில்லை, அப்படியே பார்த்து அப்படியே செய்வதுதான் வேலை. நான் குறிகளை எண்ணினேன். என் கணவர் ஈரத்துணியால் தேய்த்து மை போகிறதா என்று பார்த்தார். யூனிட்டில் ஆர்டரைக் கவனிக்கும் பெண் டேப் வைத்து நீளத்தை அளந்து கையெழுத்துப் போட்டாள். லைன் சூப்பர்வைசர் மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். டெய்லர்கள் இடது பக்கத் தையலில், சரியான உயரத்தில், கோணாமல் வைத்துத் தைத்தார்கள். செக்கிங் பெண்கள் பிசிறு இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள். அந்த லேபிளை அத்தனை பேர் அத்தனை விதமாகப் பரிசோதித்தோம். படிப்பதற்கு மட்டும் அதில் ஆளில்லை.

புதன்கிழமை மாலை நாலரைக்கு மகள் பையைக் கழற்றாமலேயே ஓடி வந்தாள்.

"அம்மா! மிஸ் எனக்கு ஸ்டார் போட்டாங்க! கிளாஸ்ல ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாங்க!"

நோட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். தமிழில் காரம் கொஞ்சம் குறைகிறது.

அம்மா.
நூறு சதம் கவலை.
வெதுவெதுப்பான வார்த்தையில் மட்டும் அலசவும்.
பிறர் பிள்ளைகளின் மார்க்கோடு சேர்த்து ஊற வைக்காதீர்.
முறுக்கிப் பிழியாதீர், தானே பிழிந்துகொள்ளும்.
போன் அடித்தால் சாயம் போகும்.
ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கத்தில் சுருங்கும்.
நான்கு மணிக்கு முன் எழுப்பாதீர்.
நிழலில் உலர்த்தவும்.

"நான் சுருங்குனனா?" என்றேன்.

"மிஸ்தான் உள்ளத உள்ளபடி எழுதோணும்னாங்க."

"அது நாற்காலிடி. நாற்காலி வழுக்கிருச்சு."

கோபம் ஒரு பக்கம். ஆனால் பிழிவதைப் பற்றிய அந்த வரியை மறுபடி படித்தேன். என் வாழ்க்கையில் நான் நோட்ஸ் இல்லாமல் புரிந்துகொண்ட முதல் கவிதை வரி அது. நன்றாக இருந்தது. என்னைப் பற்றியதாக இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அப்போதுதான் விரலுக்கு அந்த ரிப்பன் தட்டுப்பட்டது. எங்கள் ரிப்பன். எங்கள் மை.

"கண்ணு, இது எதுல அடிச்ச?"

"நம்ம கம்ப்யூட்டர்லதான்."

"எந்த ஃபைல்ல?"

"அந்த டி-ஷர்ட் ஃபைல்ல. அதுலயே எழுத்த மட்டும் மாத்தீட்டேன்."

"மாத்தீட்டு?"

"சேவ் பண்ணீட்டேன்" என்றாள் பெருமையாக.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு, இரண்டு இருபது. கீழே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் வந்து, நோட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். எழுப்பாதீர் என்ற இடத்தில் தோள் குலுங்கச் சிரித்தார். "சரியாத்தான எழுதியிருக்குது புள்ள?" என்றவர், என் முகத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அந்த பீஸெல்லாம் நேத்தே தெச்சுட்டாங்களே" என்றார்.

டி.வி.எஸ்ஸில் மூன்று பேரும் யூனிட்டுக்குப் போனோம். ஆயிரத்து இருநூறும் பாலிதீன் பைக்குள் போய், அட்டைப்பெட்டிக்குள் போய், பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். பாஸ் செய்தால் மாலையில் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும்.

சூப்பர்வைசர் ஒரு பீஸை உருவி லேபிளைத் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க்கா, எல்லாம் செரியாத்தானுங்க இருக்குது? குறியெல்லாம் வந்திருக்குதுங்களே."

"எழுத்தப் பாருங்க."

"எழுத்தும் இருக்குதுங்."

அதற்குள் அண்ணா வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியபடி, "என்னுங் அம்மிணி, லேபிள்ல என்ன போட்டிருக்குது? வாசிங்க பாக்கலாம்" என்றார். "தமிழ்லயே சொல்லுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினைந்து டெய்லர்கள், எட்டு செக்கிங் பெண்கள், இஸ்திரி போடுகிறவர்கள், எல்லோர் முன்னாலும் நின்று நான் என் சலவைக் குறிப்பை வாசித்தேன். காலேஜில் ஒரு தடவைகூட மேடையேறாதவள். 'நூறு சதம் கவலை' என்றதும் ஒரு செக்கிங் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. வரிக்கு வரி சத்தம் கூடியது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு டெய்லர் என்ன என்ன என்று இந்தியில் கேட்க, பக்கத்திலிருந்தவன் அவனுக்குச் சொல்ல, அவன் தாமதமாக, தனியாகச் சிரித்தான். போன் வரியை நான் முடிக்கவும் என் கைப்பையில் செல்போன் அடிக்கவும் சரியாக இருந்தது. நான் துள்ளினேன்.

"போச்சு! அக்காவுக்குச் சாயம் போச்சு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். அண்ணா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்றனுங்க" என்றார் சூப்பர்வைசர். "நம்ம இத்தன பேரு பாத்தோம், ஒருத்தரும் படிக்கல. வர்றவரு மட்டும் படிக்கவா போறாரு? அப்படியே உட்ரலாம்."

"அவரு படிக்கறாரோ இல்லியோ" என்றார் அண்ணா, "இது போயிச் சேர்ற ஊட்டுல துவைக்கறவ ஒருத்தி படிப்பா." என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நான் கோவமா ஒண்ணும் பேச மாட்டேன். நாளைக்குப் பாஸாகோணும். ஆகலீன்னா ஆர்டர் போயிரும். அதுக்கப்பறம் உங்க மெஷினுக்கு நான் வேல குடுக்கறது கஷ்டம். அவ்வளவுதான்."

மகள் என் பின்னால் நின்றிருந்தாள். "அப்போ நம்ம மெஷின வித்தரணுமாம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

வழி ஒன்றுதான். பெட்டியைப் பிரித்து, பக்கத் தையலில் இரண்டு விரல் நீளம் நூலை உருவி, பழைய லேபிளை எடுத்து, புதியதை வைத்து, மறுபடி ஓவர்லாக் அடிக்க வேண்டும். நாங்கள் வீட்டுக்கு ஓடி, இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, மகளை வாசிக்க வைத்து, எதிர்வீட்டுக்காரரையும் வாசிக்க வைத்து, புது லேபிள் ஓட்டிக் கொண்டுவந்தோம். முந்நூறு பீஸ் முடிந்திருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டரின் பெல்ட் அன்றைக்குப் பார்த்து அறுந்து கிடந்தது. அண்ணா அரை மணி நேரம் பார்த்துவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். ஒன்பதரைக்கு மொத்தம் எழுநூறு பீஸ் ஆகியிருந்தது. மிச்சம் ஐந்நூறு. இன்னும் மூன்று மணி நேரம் கிடைத்தால் முடித்துவிடலாம், இருந்ததோ அரை மணி. எந்தப் பெட்டியைத் திறப்பது என்று இன்ஸ்பெக்டர்தான் சொல்வார், நாம் சொல்ல முடியாது. நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்த மகள் அப்போது கேட்டுக்குள் வந்தாள். அவளுக்குப் பின்னால் துணிப்பையோடு டீச்சர். டீச்சருக்குப் பின்னால், சீருடையில், இரண்டு இரண்டு பேராக வரிசையில், ஒன்பதாம் வகுப்பு முழுவதும். நாற்பது பேர் கையிலும் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அது இல்லாமல் இருக்காது.

"பிள்ள காலையில வந்து தேம்பித் தேம்பி அழுதா மேடம்" என்றார் டீச்சர். "பாடம் குடுத்தது நான், அப்ப தப்பு எனக்கும் உண்டுல்லா? எல்லாரும் வீட்டுல நூல் பிரிச்சுப் பழகினவங்கதான். பத்து நிமிசத்துல முடிச்சிருவோம், நீங்க பயப்படாதிய."

அண்ணா உள்ளிருந்து வந்தார். அவர் முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு நிறத்தை நான் பார்த்ததில்லை. ஏற்றுமதி யூனிட்டில் இன்ஸ்பெக்டர் வரும் நேரத்தில் நாற்பது பிள்ளைகள் கையில் கத்தரியோடு நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இங்கே வேலைக்கு வைப்பதில்லை என்று மூன்று மொழியில் போர்டு.

"டீச்சரம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அண்ணா. "ஒரு புள்ளையும் ஒரு துணியையும் தொடக் கூடாது. உங்க காலுல வேணும்னாலும் உளுகறேன்."

"ஏன் சார்? உதவிக்குத்தானே வந்தோம்?"

"அய்யோ, லேபிளுக்கு ஆர்டர்தானுங்க போகும்" என்றார் சூப்பர்வைசர். "இதுக்குக் கம்பெனியே போயிருமுங்க!"

டீச்சருக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. "எல்லாம் உள்ள போடுங்க!" என்று துணிப்பையை விரித்தார். கத்தரிகள் கலகலவென்று விழுந்தன. "வெளியில போயிரலாம், வாங்க" என்று திரும்பினார். போக முடியவில்லை. கேட் ஒன்றுதான், அதை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நின்றது.

டீச்சர் பெட்டி ஏற்றும் சிமெண்டு மேடையைக் காட்டி, "உக்காருங்க. போன வாரப் பாடம். ஒவ்வொருத்தரா" என்றார். காரிலிருந்து இறங்கியவர் ஐம்பது வயதுக்காரர், கையில் லெதர் பை, தூக்கம் போதாத கண்கள். அவர் நடந்து வர, மேடையிலிருந்து நாற்பது பேரும் கை கட்டி அவரையே பார்த்தார்கள்.

"இது என்ன?" என்றார்.

"இங்கிலீஷ் வகுப்பு சார்" என்றார் டீச்சர். "கவிதை."

"இங்கயா?"

"இங்கதான் சார் இங்கிலீஷ் நிறைய கிடக்கு."

பாத்திரக்கடைப் பையன் எழுந்து, யாரும் கேட்காமலே, தன் பெரியப்பாவையும் மூன்று விசிலையும் கணீரென்று இங்கிலீஷில் ஒப்பித்து உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் முழுதாகக் கேட்டார். அப்படியே உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம். அண்ணாவின் கை தானாக, சரி செய்த பெட்டிகள் இருந்த பக்கமாக நீண்டது. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரோரம் அடியில் இருந்த பெட்டியைக் காட்டினார்.

திறந்தார்கள். பீஸை மேஜையில் விரித்தார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார், கழுத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு லேபிளைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலிருந்து கீழாக அவர் கண் ஒவ்வொரு வரியாக இறங்கியதை நான் பார்த்தேன். கடைசி வரிக்குப் போய் மறுபடி மேலே வந்தார்.

"இது யாரு?" என்றார்.

அண்ணா என்னைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

"நான்தானுங்க" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பீஸைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஜன்னல் வழியாகச் சிமெண்டு மேடையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"லேபிளைப் பார்த்துட்டேன், இது ஃபெயில்" என்றார். "குழந்தைகளை நான் பார்க்கலை, அவங்களை ஸ்கூலுக்கு அனுப்புங்க. அடுத்த தெரு யூனிட்ல மூணு மணி வரைக்கும் இருப்பேன். மாத்தி வச்சுட்டுக் கூப்பிடுங்க."